அண்ணாவின் சலத்தில் இருக்கும் கிருமி ஏன் மாறிக்கொண்டே போகிறது?

கேள்வி

டொக்டர், என் அண்ணாவுக்கு 2009 மாசியில் செல் துண்டு முதுகில் பட்டது. புதுமாத்தளனில் இருந்து கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வவுனியாவில் மாதக்கணக்கில் இருந்தார். நெஞ்சுக்குக் கீழே இயக்கமும் இல்லை, உணர்வும் இல்லை. அன்றிலிருந்து சலம் கதீற்றரால்தான் போகிறது. படுக்கைப்புண்ணுக்காக 2019இலும் 2022இலும் திரும்பவும் வாட்டில் கிடந்தார். 2021இல் எடுத்த சலக் கல்ச்சர் றிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று போட்டு, அநேகமான மருந்துகளுக்கு ‘எஸ்’, அதாவது கிருமி அடங்கும் என்று இருந்தது. 2022இல் பாதிக்கு ‘ஆர்’, அதாவது அடங்காது. 2023இல் சிப்ரோ என்ற மருந்து மட்டும் திரும்ப ‘எஸ்’ ஆகியிருந்தது. இப்போது எடுத்ததில் மெரோபெனம், அமிக்காசின் என்ற இரண்டு ஊசிகளைத் தவிர எல்லாமே ‘ஆர்’. இப்போது அவருக்குக் காய்ச்சல் இல்லை, வழமைபோலச் சாப்பிடுகிறார். ஆனால் றிப்போர்ட்டைப் பார்த்ததில் இருந்து வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

இது ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொற்றுகிற கிருமியா, அல்லது ஒரே கிருமி உள்ளேயே மாறுகிறதா? அண்ணாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று சொல்கிறார்கள். சலம் கலங்கினால் மருந்துக்கடையில் குளிசை வாங்கிக் கொடுத்தோம், அது எங்கள் பிழையா? இதை அடியோடு அழிக்க வழி உண்டா? மாமாவோடு ஒட்டிக்கொண்டு திரியும் என் நாலு வயது மகளைத் தள்ளி வைக்க வேண்டுமா?

மல்லாவியில் இருந்து ஒரு சகோதரி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மகளை மாமாவிடம் இருந்து பிரிக்க வேண்டாம். மடியில் இருக்கட்டும், பக்கத்தில் படுக்கட்டும், ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கிருமி காற்றில் பரவுவதில்லை. சலமும் மலமும் பட்ட கையால்தான் பரவுகிறது. குழாயையும் சலம் சேரும் பையையும் பிள்ளை பிடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் மலசலகூடம் போய்வந்த பின்னும் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இவ்வளவு செய்தும் அந்தக் கிருமி பிள்ளையின் குடலுக்குப் போய்ச் சேர்ந்தால்கூட, ஆரோக்கியமான பிள்ளைக்கு அது நோய் கொடுப்பது அரிது. பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருக்கும் ஒரு மனிதரிடம் இருந்து ஒரு குழந்தையை விலக்கி வைப்பதால் வரும் காயம் இதைவிட எவ்வளவோ பெரிது.

இரண்டாவது அவசரமான விஷயம். காய்ச்சலும் நடுக்கமும் இல்லை, வழமைபோல இருக்கிறார் என்றால், இந்த றிப்போர்ட்டுக்காக இப்போது எந்த மருந்தும் வேண்டாம். அந்த இரண்டு ஊசியில் ஒன்றையாவது போட்டுவிடுவோம் என்று யாரும் சொன்னாலும் வேண்டாம். ஏன் என்று விளங்க வேண்டுமானால் கிருமியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நான்கு றிப்போர்ட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் கணிப்பில் இது பெரும்பாலும் ஒரே கிருமிதான். காகிதத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. நான்கு தடவையும் எடுத்த கிருமிகளின் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்து ஒப்பிட்டால்தான் அது உறுதியாகும். ஆனாலும் சிப்ரோவைத் தவிர்த்துப் பாருங்கள். ஒருமுறை ‘ஆர்’ ஆன மருந்து பிறகு ‘ஆர்’ ஆகவே இருக்கிறது, அதன்மேல் புதிதாக ஒன்றிரண்டு ஏறுகிறது. உள்ளே குடியிருந்து, படிப்படியாக மாறும் கிருமியின் போக்கு இப்படித்தான் இருக்கும். கப்பலில் போன நாட்களில் பிடித்ததா, வவுனியாவில் பிடித்ததா, பிந்திய வாட்டில் பிடித்ததா என்று தேடுவதில் இனிப் பயன் இல்லை. காயக்காரர் நிறைந்து வழிந்த காலத்தில் எந்த வாட்டிலும் இது நடந்திருக்கும்.

அது குடியிருக்கும் முதல் வீடு குடல். கிளெப்சியெல்லா பெருங்குடலில் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் வருடக்கணக்கில் இருக்கக்கூடியது. அங்கிருந்து தோல் வழியாகக் கதீற்றருக்கு ஏறுகிறது. இரண்டாவது வீடு அந்தக் கதீற்றர். குழாயின் உட்சுவரில் கிருமிகள் ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு பசைப்படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது, நோய் எதிர்ப்புக் கலங்களும் நுழைய முடியாது. கதீற்றர் போட்ட ஒருவரின் சலத்தில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 வரை என்ற அளவில் கிருமி வந்து சேரும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் சலத்தில் கிருமி இருக்கும். உங்கள் அண்ணாவுக்கு இருப்பது அதிசயம் இல்லை.

‘உடம்பு பழகிவிட்டது’ என்பது தவறான எண்ணம். அண்ணாவின் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை, மாறியது கிருமி. நாளைக்கு அவருக்கு வேறொரு கிருமியால் காய்ச்சல் வந்தால் சாதாரணக் குளிசையே கேட்கலாம். வாழ்நாளில் அன்டிபயோட்டிக் தொடாத ஒருவருக்கு இதே கிருமியால் நோய் வந்தால் அவருக்கும் இந்த மருந்துகள் கேட்காது.

கிருமி எப்படி மாறுகிறது? கிளெப்சியெல்லாவின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 55 இலட்சம் எழுத்துகள் நீளம். கிருமி இரண்டாகப் பிரியும்போது அத்தனை எழுத்தையும் பிரதி எடுக்கிறது. மிகக் கவனமாகத்தான் எடுக்கும். ஆனாலும் ஏறக்குறைய ஆயிரம் தடவை பிரியும்போது எங்கேயோ ஓர் எழுத்துப் பிழை விழுகிறது. இது சிறிய பிழையாகத் தோன்றும். இப்போது அண்ணாவின் குழாயில் மாட்டிய பையில் அரை லீற்றர் சலம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் கிருமி என்றால் பைக்குள் மட்டும் 50 கோடி. அவை எல்லாம் ஒரு தடவை பிரிந்தாலே ஐந்து இலட்சம் புதுப்பிழைகள் உண்டாகிவிடும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில அந்தக் கிருமியையே சாகடிக்கும். எங்கேயோ ஒன்று, சிப்ரோ போய்ப் பிடிக்கும் நொதியின் சரியான இடத்தில் விழுந்துவிடுகிறது. மருந்தின் பிடி தளருகிறது. இன்னொரு நொதியிலும் அதேபோல ஒரு பிழை சேர்ந்தால் சிப்ரோ முற்றாகக் கைவிட்டுவிடும்.

இந்தப் பிழையை மருந்து உண்டாக்குவதில்லை. மருந்து வர முன்பே அது கூட்டத்துக்குள் இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோசுவா லெடர்பேர்க்கும் எஸ்தர் லெடர்பேர்க்கும் 1952இல் இதை வெல்வெட் துணியால் காட்டினார்கள். ஒரு தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்களின் மேல் துணியை ஒற்றி, அதே ஒழுங்கில் மருந்து கலந்த பல தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில்தான் கிருமி முளைத்தது. மூலத் தட்டில் அந்த இடத்தில் இருந்த கிருமியோ மருந்தைக் கண்டதே இல்லை.

வவுனிக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். போகத்துக்குப் போகம் ஒரே களைநாசினியை அடித்தால், அதற்குச் சாகாத ஒன்றிரண்டு புல் விதை போட்டு, சில வருடத்தில் வயல் முழுக்க அந்தப் புல்லே நிற்கும். நெல்லுக்கு நோகாமல் புல்லை மட்டும் அடிக்கும் மருந்து வீணாகிப் போகும். சிப்ரோவுக்கு நடந்ததும் அதுதான்.

எழுத்துப் பிழை ஒரு வழி மட்டுமே. இன்னொரு வழி இதைவிட வேகமானது. பற்றீரியாக்களுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையங்கள் உண்டு. ஒரு கிருமி அதைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் இருக்கும் கிருமிக்குக் கொடுத்துவிடும், வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். குடலுக்குள் ஈ.கோலை என்ற கிருமியும் கிளெப்சியெல்லாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒன்றாகக் கோர்த்திருப்பது வழமை. அண்ணாவின் 2022 றிப்போர்ட்டில் செபுறொக்சிம், செபோராக்சிம், ஜென்டமைசின், கோட்ரைமொக்சசோல் எல்லாம் ஒரே தடவையில் ‘ஆர்’ ஆகியிருக்கின்றன. இப்படி ஒரே பாய்ச்சலில் நடந்தால் நான் பிளாஸ்மிட்டைத்தான் சந்தேகிப்பேன். படுக்கைப்புண்ணுக்காக நீண்ட நாள் வாட்டில் இருந்து ஊசி மருந்து ஏறிய வருடமும் அதுதான். அந்த மருந்து அன்று தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. புண் எலும்புவரை போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. தேவைக்குக் கொடுத்த மருந்துக்கும் இந்த விலை உண்டு.

இப்போது எஞ்சியிருக்கும் மெரோபெனத்துக்கு வருவோம். இந்தக் கிருமி ஏற்கனவே பெனிசிலின், செபலோஸ்போரின் வகைகளை உடைக்கும் நொதியை வைத்திருக்கிறது. மெரோபெனத்தை அந்த நொதியால் சரியாக உடைக்க முடியாது, அதனால்தான் ‘எஸ்’. ஆனால் மருந்து உள்ளே போவது கிருமியின் வெளிச்சுவரில் உள்ள நுண்துளைகளால். துளையைக் கட்டும் மரபணுவில் ஒரு பிழை விழுந்து துளை அடைபட்டால் உள்ளே போகும் மருந்து குறையும். கொஞ்சமாகப் போகும் மருந்தைச் சமாளிக்கப் பழைய நொதியே போதும். வெளியில் இருந்து ஒரு புதுக் கிருமியும் வராமல், ஏற்கனவே இருப்பதற்குள் நடந்த ஒரு பிழையாலேயே மெரோபெனமும் போய்விடலாம். மெரோபெனத்தை நேரடியாக உடைக்கும் நொதியைப் பிளாஸ்மிட்டில் வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. மெரோபெனம் வகைக்கு அடங்காத கிளெப்சியெல்லாவை உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட பட்டியலில் மிக ஆபத்தான வரிசையில் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது கொலிஸ்டின் என்ற மருந்து. அதற்கும் இந்தக் கிருமி ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்துக்கொண்டு தப்பக்கூடியது. இந்த இரண்டு ஊசியையும் இப்போது தொட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இன்னும் சில வருடத்தில் அண்ணாவுக்கு இரத்தத்தில் கிருமி ஏறினால் அவை அன்று வேலை செய்ய வேண்டும்.

சிப்ரோ திரும்ப ‘எஸ்’ ஆனது உங்களைக் குழப்பியிருக்கிறது. ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்வதைச் சொன்னால் குழப்பம் தீரும். சலத்தில் ஒரு துளியை ஊட்டத் தட்டில் கோடிழுத்து, 37 பாகையில் ஒரு இரவு வைப்போம். காலையில் மக்கொங்கி என்ற ஊட்டத் தட்டில் கிளெப்சியெல்லா இளஞ்சிவப்பாக, பெரிய கூட்டங்களாக, ஈரமாகப் பளபளத்து ஒன்றோடொன்று ஒழுகிக் கிடக்கும். கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் சிலது நூலாக இழுபடும். அந்தப் பசைதான் அதன் உறை. நீண்ட காலம் கதீற்றர் போட்டவர்களின் தட்டில் சில வேளை இவற்றுக்கு நடுவே தட்டையாக, வறண்டு, சின்னதாகச் சில கூட்டங்களும் நிற்கும். சோதித்துப் பார்த்தால் அவையும் கிளெப்சியெல்லாதான். ஒன்றிரண்டு கூட்டத்தை மட்டும் எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய கடதாசி வட்டங்களை வைப்போம். வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராத வெளி எத்தனை மில்லிமீற்றர் என்று மறுநாள் அளந்துதான் ‘எஸ்’, ‘ஆர்’ போடுகிறோம். அந்தத் தெளிந்த வெளிக்குள்ளேயே ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு கூட்டம் பிடிவாதமாக முளைத்து நிற்பதும் உண்டு.

ஆகவே றிப்போர்ட்டில் நீங்கள் பார்ப்பது அந்தப் பெருங்கூட்டத்தில் இருந்து எடுத்த ஒன்றிரண்டின் விபரம். உள்ளே ஒரே வேரில் இருந்து பிரிந்த பல கிளைகள் ஒரே காலத்தில் இருக்கின்றன. 2023இல் கையில் அகப்பட்டது சிப்ரோவுக்கு அடங்கும் கிளையாக இருந்திருக்கும். அடங்காத கிளை அன்றும் உள்ளேதான் இருந்தது. ஒரே நோயாளி நாலரை வருடம் சுமந்த கிளெப்சியெல்லாவைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் பல தடவை எடுத்து மரபணு வாசித்து 2018இல் வெளியிட்டார்கள். அதிலும் இதே கதைதான், ஒரே மூலத்தில் இருந்து வந்தவை பல கிளைகளாகப் பிரிந்து கூடவே வாழ்ந்தன. 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு அந்தப் பசை உறையைப் பற்றியது. சலப்பாதையில் இருந்து எடுத்தவற்றில் உறையை இழந்த கிருமிகள் இருந்தன. உறை இல்லாததால் அவை உடம்புக்குள் இருக்கும் சலப்பையின் கலங்களுக்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளச் சுலபம். இரத்தத்தில் இருந்து எடுத்தவற்றில் உறை தடித்த கிருமிகள் இருந்தன. அவற்றை வெண்குருதிக் கலங்களால் விழுங்க முடியவில்லை. அதாவது மருந்துக்கு மட்டும் இல்லை, தான் இருக்கும் இடத்துக்கும் ஏற்றபடி கிருமி மாறுகிறது. தட்டில் நான் சொன்ன அந்த வறண்ட சின்னக் கூட்டம் அப்படிச் சலப்பைக்கு ஏற்றபடி மாறிய ஒன்றாக இருக்கக்கூடும்.

இதிலிருந்து ஒரு காரியம் தெரிந்துகொள்ளுங்கள். பழைய றிப்போர்ட்டில் ‘ஆர்’ இருந்த மருந்து புதிய றிப்போர்ட்டில் ‘எஸ்’ ஆனால் அதை உடனே நம்பிவிடக் கூடாது. காய்ச்சலோடு வாட்டுக்குப் போகும் நாளில் கடைசி றிப்போர்ட்டோடு சேர்த்துப் பழையவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு பிளாஸ்ரிக் கோவைக்குள் போட்டுக் கிளினிக் கொப்பியோடு வையுங்கள்.

குளிசை வாங்கிக் கொடுத்தது உங்கள் பிழையா என்று கேட்டீர்கள். இல்லை. உணர்வு இல்லாத உடம்பு, நோவு தெரியாது, சலம் கலங்கினால் பயப்படாமல் என்ன செய்வீர்கள்? துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக்கை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரருக்குத்தான் நான் பொறுப்பைச் சொல்வேன். நாட்டுச் சட்டத்தின்படி அது மருத்துவரின் துண்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. கலங்கிய சலத்துக்கு மருந்து வேண்டாம் என்று உங்களுக்கு முன்பே தெளிவாகச் சொல்லாத எங்களுக்கும் பொறுப்பு உண்டு.

இனிமேல் இதை மனதில் வையுங்கள். சலம் கலங்குவது, மணப்பது, றிப்போர்ட்டில் கிருமி இருப்பது, சீழ்க்கலம் கூடியிருப்பது, இவற்றில் எதுவும் தனியே அன்டிபயோட்டிக் தொடங்கக் காரணம் இல்லை. தண்ணீர் குறைந்தாலே சலம் கலங்கும், மணக்கும். சித்திரை வெயில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் வன்னி வெக்கையில் உடம்புத் தண்ணீர் எவ்வளவு வற்றும் என்று உங்களுக்குத் தெரியும். பை நிறைந்தால் மற்றவருக்கு வேலை என்று தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் இப்படி இருக்கும் பலரிடம் உண்டு. அண்ணாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கலங்கினால் முதலில் தண்ணீரைக் கூட்டுங்கள், குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், மாற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஆனால் கீழே சொல்வதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நான் மருந்து வேண்டாம் என்றேன் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கால் இறுக்கமும் வெட்டி இழுப்பதும் திடீரென்று கூடுவது, சோர்ந்து மயங்குவது, குழப்பமாகக் கதைப்பது, சலத்தில் இரத்தம், குழாயைச் சுற்றிப் புதிதாகச் சலம் கசிவது. இன்னும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவருக்கு நெஞ்சு மட்டத்தில் முள்ளந்தண்டு அடிபட்டிருப்பதால், குழாய் அடைபட்டுச் சலப்பை ஊதினால் இரத்த அழுத்தம் சடுதியாக ஏறலாம். தலை வெடிப்பதுபோல இடிக்கும், முகமும் கழுத்தும் சிவந்து வேர்க்கும். உடனே நிமிர்த்தி இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, குழாயின் மடிப்பை எடுத்துவிடுங்கள். சலம் ஓடாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கல்ச்சர் எடுக்கச் சொன்னால், பழைய கதீற்றரை மாற்றிப் புதியதில் இருந்து சலம் எடுக்கச் சொல்லித் தயவாகக் கேளுங்கள். பைக்குள் தேங்கியதை ஊற்றிக் கொடுக்கவே கூடாது. பழைய குழாயில் இருந்து எடுத்தால் வருவது குழாய்ச்சுவரில் ஒட்டியிருக்கும் கூட்டத்தின் கணக்கு. மருந்து தொடங்கினால் எத்தனை நாளைக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். கதீற்றர்க் காய்ச்சல் மருந்துக்குச் சீக்கிரம் அடங்கினால் பெரும்பாலும் ஏழு நாள் போதும். சொன்ன நாளுக்கு முன் நிறுத்தவும் வேண்டாம், மிச்சத்துக்குக் கடையில் இன்னும் ஐந்து நாள் வாங்கவும் வேண்டாம்.

அமிக்காசின் பற்றியும் ஒரு சொல். அது சிறுநீரகத்தையும் காதையும் தாக்கக்கூடிய மருந்து. வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். கதீற்றரோடு வாழ்பவரின் சிறுநீரகம் ஏற்கனவே பாரம் சுமப்பது. அந்த ஊசி போடும் நிலை வந்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்த்துத்தான் போடுவார்கள். பார்த்தார்களா என்று நீங்களும் கேட்கலாம், அதில் குறை நினைக்க ஒன்றும் இல்லை.

அடியோடு அழிக்க வழி உண்டா? மருந்து கொடுத்துக் குடலில் இருந்து இதைத் துரத்தும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. கிருமி சில வாரம் மறைந்து திரும்ப வந்ததுதான் பொதுவான அனுபவம், சில வேளை இன்னும் கூடிய எதிர்ப்போடு வந்தது. ஐரோப்பிய நிபுணர்களின் 2019 வழிகாட்டி வழமையாக அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. சலப்பையை டெற்றோல் போன்றவற்றால் கழுவுவதும் வேண்டாம், உள்தோல் புண்ணாகும். கிருமி தானாகப் போகும் வாய்ப்பு இருக்கிறது. இப்படி எதிர்ப்புள்ள குடற்கிருமியைச் சுமந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரு மாதத்தில் நாலில் மூன்று பங்கினரிடம் கிருமி இருந்தது, ஒரு வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எதிர்ப்பைச் சுமப்பது பல வேளை கிருமிக்குப் பாரம். மருந்து இல்லாத குடலில் சாதாரணக் கிருமிகள் அதை மெல்ல மெல்ல நெருக்கி ஒதுக்கிவிடும். ஆனால் சில கிருமிகள் அந்தப் பாரத்தை ஈடுசெய்யும் இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. அப்படிப்பட்டவை இலேசில் போகாது. கதீற்றர் உள்ளே இருக்கும்வரை உங்கள் அண்ணாவுக்கு வாய்ப்புக் குறைவுதான், பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஒவ்வொரு தேவையற்ற குளிசையும் அந்த வாய்ப்பை இன்னும் குறைக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

வீட்டைவிட வாட்டில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2011இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகத்தின் ஆஸ்பத்திரியில் இதே இனக் கிருமியைச் சுமந்த ஒருவர் அனுமதிக்கப்பட்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்து அடுத்தவரிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. முடிவில் 18 நோயாளிகளுக்குப் பரவி, 11 பேர் இறந்தார்கள். அதில் 6 மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம். முதல் நோயாளியின் தொண்டையிலும் நுரையீரலிலும் இருந்த கிருமிகளுக்கு இடையில் ஒருசில எழுத்து வித்தியாசம் மட்டுமே இருந்தது. அந்த வித்தியாசத்தைப் பிடித்தே யாருக்கு எங்கிருந்து போனது என்று கண்டுபிடித்தார்கள். அத்தனை வசதியான இடத்திலேயே இது நடந்தது. ஆகவே அண்ணாவை அனுமதிக்கும்போதே, மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருக்கிறது என்று தாதியிடம் முதலில் சொல்லுங்கள். ஒதுக்கிவிடுவார்கள் என்று மறைக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அப்போதுதான் சத்திரசிகிச்சை முடித்தவராக இருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை உங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தவையே. பையை வெறுமையாக்க ஒரு தனிக் கோப்பை வையுங்கள், குளிக்கும் வாளியோடு கலக்காதீர்கள். தொட முன்னும் பின்னும் கை கழுவுங்கள். பை நிலத்தில் முட்டக் கூடாது, சலப்பை மட்டத்துக்கு மேலே வரவும் கூடாது. கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போது ஓட்டோவில் தூக்கி இருத்தி, பையை மடியில் வைத்துவிடுவதை எல்லா இடமும் பார்க்கிறேன். அந்தப் பயணம் முழுக்கப் பைக்குள் இருந்த பழைய சலம் திரும்பச் சலப்பைக்குள் இறங்குகிறது. ஏற முன் பையை வெறுமையாக்கி, முழங்காலுக்குக் கீழே தொங்க விடுங்கள். கதீற்றர் மாற்றும் கால இடைவெளி குழாயின் வகையைப் பொறுத்தது. சாதாரண வகைக்கு நாலு வாரம், முழுச் சிலிக்கோன் என்றால் பன்னிரண்டு வாரம் வரை போகலாம். எந்த வகை போட்டார்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

இன்னொரு வழியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நிரந்தரமாகக் குழாயை வைத்திருக்காமல், நாளைக்கு நாலைந்து தடவை மெல்லிய குழாயைத் தானே செலுத்திச் சலத்தை எடுத்துவிட்டு உடனே கழற்றும் முறை ஒன்று உண்டு. மிச்சிகனில் ஜாக் லாப்பிடிஸ் என்ற சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் 1972இல் இதை எழுதியபோது, சுத்தமான கை போதும், கிருமிநீக்கிய கையுறை வேண்டாம் என்றதைப் பலர் நம்பவில்லை. இன்று முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குக் கைகள் வேலை செய்தால் முதலில் யோசிக்கும் முறை இதுதான். குழாய் உள்ளே தங்காததால் பசைப்படலம் கட்ட இடம் இல்லை, கிருமி வருடக்கணக்கில் இருந்து மாறும் வீடு ஒன்று குறைகிறது. அண்ணாவுக்கு நெஞ்சுக்குக் கீழேதான் பாதிப்பு, இரண்டு கையும் வேலை செய்யும். சலப்பையின் நிலை, பழைய புண், நாற்காலியில் இருந்து மாறும் வசதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒத்துவராது. அடுத்த கிளினிக் நாளில் நான்கு றிப்போர்ட்டையும் கொடுத்து, இந்த முறையை அவர் பழகலாமா என்று கேளுங்கள். கிரியற்றினினும் சிறுநீரக ஸ்கானும் கடைசியாக எப்போது பார்த்தது என்பதையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.